பெயர் இல்லாத கைகள்

தூரத்திலிருந்து பார்த்தபோது மலை உச்சியெல்லாம் பனி என்றுதான் நினைத்தேன். ஜூன் மாத வெயிலில் ஏது பனி? அத்தனையும் பளிங்கு. இத்தாலியின் டஸ்கனி பகுதியில் இருக்கிறது கராரா. ரோமானியர்கள் காலத்திலிருந்து இரண்டாயிரம் வருடங்களாக அந்த மலைகளை வெட்டிக்கொண்டே இருக்கிறார்கள். மைக்கேலாஞ்சலோ 1504-ல் முடித்த டேவிட் சிலைக்குக் கல் கொடுத்தது இந்த ஊர்தான்.

ஜீப்பில் குவாரி வரை அழைத்துப் போகிறார்கள். வைரம் பதித்த கம்பி ரம்பம், பாறையை வாழைத்தண்டு மாதிரி நறுக்குகிறது. முன்பெல்லாம் இப்படி இல்லை. பல டன் பாறையை மரச்சட்டத்தில் ஏற்றி, வடம் கட்டி, சோப்புத் தடவிய கட்டைகளின் மேல் சரிய விடுவார்கள். பாறைக்கு முன்னால் ஒருவர் நின்று அடுத்தடுத்த கட்டையைப் போட்டுக்கொண்டே இறங்க வேண்டும். வடம் அறுந்தால் அவர் கதி அவ்வளவுதான்.

பக்கத்து ஊரான செரவெட்சாவின் மலையில், 1518-ல் மைக்கேலாஞ்சலோவின் கண்ணெதிரே ஒரு தூணை இறக்கும்போது ஒரு தொழிலாளி கழுத்து முறிந்து செத்துப்போனார். தானும் மயிரிழையில் தப்பியதாகக் கடிதம் எழுதியிருக்கிறார். ஃப்ளாரன்ஸில் சான் லொரென்சோ தேவாலயத்தின் முகப்புக்காக வெட்டிய தூண் அது. 1520-ல் அந்த ஒப்பந்தமே ரத்தாகிவிட்டது. முகப்பு இன்றைக்கும் மொட்டையாகத்தான் நிற்கிறது. கட்டாத முகப்புக்கு ஓர் உயிர்!

மதியம், மலையடிவாரத்தில் ஒரு சிற்பக்கூடத்துக்குப் போனோம். உள்ளே ஒரு ரோபோவின் கை, தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே ஒரு பெண்ணின் தோளைச் செதுக்கிக்கொண்டிருந்தது. சிற்பி எங்கேயோ வேறு நாட்டில் இருக்கிறாராம். கம்ப்யூட்டர் ஃபைல் மட்டும் வந்திருக்கிறது.

என்னுடன் வந்த நண்பருக்குப் பொறுக்கவில்லை. “என்ன சார் இது, மெஷின் செதுக்கினா அது எப்படி அவரோட சிலையாகும்?” என்றார்.

ஓரமாக உட்கார்ந்து இன்னொரு சிலைக்கு உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். கைடு கேள்வியை மொழிபெயர்த்ததும் சிரித்துவிட்டார். “நாற்பது வருஷமா நான் செதுக்கினேன். அப்ப யாரும் இப்படிக் கேட்கலியே!”

சுருக்கென்றது. உண்மைதானே? சிற்பி சின்னதாக ஒரு மாதிரி செய்து அனுப்புவார். அதைப் புள்ளி புள்ளியாக அளந்து, பெரிதாக்கிப் பளிங்கில் கொண்டுவருவது இவர்களைப் போன்ற கைவினைஞர்கள். ரோதானின் புகழ்பெற்ற பளிங்குச் சிலைகளைக்கூடப் பெரும்பாலும் அவருடைய உதவியாளர்கள்தான் செதுக்கினார்கள். மனிதன் செய்தவரை நமக்குச் சந்தேகம் வரவில்லை. அவன் இடத்தில் மெஷின் வந்து உட்கார்ந்ததும் கலை, நேர்மை என்றெல்லாம் கவலைப்படுகிறோம். அப்படியானால் இத்தனை காலம் அவனை நாம் என்னவாக நினைத்திருந்தோம்?

யோசித்தவருக்குத்தான் பெயர், அதில் என்ன தப்பு என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால், சினிமாவும் டைரக்டர் யோசித்ததுதான். அதில் லைட் பிடித்தவர் பெயர்வரை திரையில் ஓடுகிறது. அதனால் டைரக்டரின் புகழ் குறைந்துபோய்விட்டதா என்ன?

மைக்கேலாஞ்சலோ தன் பெயரைப் பொறித்தது ஒரே ஒரு சிலையில்தான். வாடிகனில் இருக்கும் பியெத்தா. அதை வேறொருவர் செய்தது என்று யாரோ பேசியது காதில் விழ, ராத்திரியோடு ராத்திரியாக வந்து மேரியின் மார்புப் பட்டையில் தன் பெயரைச் செதுக்கினார் என்று வசாரி எழுதி வைத்திருக்கிறார். தன் உழைப்பு அடுத்தவர் கணக்கில் போவதை அந்த மேதையாலேயே தாங்க முடியவில்லை. பாறைக்கு முன்னால் நின்றவனுக்கு மட்டும் அது வலிக்காதா?

கிளம்பும்போது பெரியவரின் பெயரைக் கேட்டேன். சந்தோஷமாகச் சொன்னார். பளிங்குத்தூள் அப்பிய கையால் என் கையைக் குலுக்கினார்.

ஹோட்டலுக்கு வந்து நோட்டை எடுத்தபோது, அந்தப் பெயர் மறந்துவிட்டது. அவர் தேய்த்துக்கொண்டிருந்த சிலையின் சிற்பி யார் என்பது மட்டும் நன்றாக ஞாபகம் இருந்தது.