ஆபத்து எவர்க்கு உரியது?

பனியென்றால் மார்கழிப் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளியையே யாழ்ப்பாணக் குடாநாடு அறியும். எனினும், 1983 இன் பின் இம்மண்ணிலிருந்து பெயர்ந்தோரின் பிள்ளைகள் சுவிற்சர்லாந்திலும் நோர்வேயிலும் கனடாவிலும் வளர்ந்துவிட்ட இன்று, மலைப்பனி நமக்கு முற்றும் அயலான பொருளன்று. செப்பனிட்ட பாதையை விட்டுக் காவலற்ற மலைச்சரிவுகளிற் பனிச்சறுக்கச் செல்வோர், "என் உயிர், என் விருப்பம்" என்பர். இவ்வாதம் அறத்தின்முன் நிற்குமா என்பதே ஈண்டு எழும் வினா.

முதற்கண் இயற்கையின் இயல்பை நோக்குவோம். பருவத் தொடக்கத்தில் விழும் மெல்லிய பனி, தெளிந்த குளிரிரவுகளிற் சீனிமணிபோல உருமாறி, ஒன்றோடொன்று ஒட்டாது கிடக்கும். அதன்மேற் பெய்யும் புதுப்பனி காற்றால் இறுகிப் பலகைபோலாகும். 30 பாகைக்கு மேற்பட்ட சரிவில் ஒருவரின் பாரமே அப்பலகையைப் பிளந்து சரியச் செய்யப் போதும். சறுக்குவோரைக் கொல்லும் பனிச்சரிவுகளிற் பெரும்பாலானவை அவராலோ அவர் குழுவினராலோ தூண்டப்பட்டவையே. ஆதலின், விதியின்மேற் பழிபோடுதல் பொருந்தாது.

சைவ சித்தாந்தம் காண்டல், கருதல், உரை என அளவை மூன்று கூறும். நலிந்த படை உள்ளே மறைந்திருத்தலின் காண்டல் இங்கு பயன்படாது. "நேற்றுச் சென்றோர் நலமே மீண்டனர்" என்பதோ குறைபட்ட கருதல். புகைக்கும் நெருப்புக்கும் உள்ள நீங்காத் தொடர்பு, நேற்றைய நலத்துக்கும் இன்றைய நலத்துக்கும் இல்லை. எஞ்சுவது உரை, அதாவது அறிந்தோர் விடுக்கும் எச்சரிக்கை. ஐரோப்பிய நாடுகள் 1993 இல் அதனை ஐந்து படிகளாக ஒருமைப்படுத்தின. ஐந்தில் மூன்றென்றால் நடுத்தரமெனக் கொள்வது மனித இயல்பு. உயிரிழப்புகள் மிகுதியும் நேர்வதோ அம்மூன்றாம் படியிலேதான்.

"வடமராட்சி மீனவரும் வாடைக்காலக் கடலில் இறங்குகின்றனரே" எனச் சிலர் வினவலாம். அவர்களைச் செலுத்துவது பசி. சறுக்குவோர் மறுநாளுக்குக் காத்திருக்கலாம். அன்றியும், புதையுண்டவரைக் கால்மணி நேரத்துள் தோண்டியெடாவிடின் பிழைத்தல் அரிது. தோழரும் மீட்போரும் அதே சரிவிற் கால்வைத்தாக வேண்டும். 2022 ஒக்டோபர் 4 இல் உத்தரகாண்டின் திரௌபதி கா தண்டா மலையில் மலையேற்றப் பயிற்சிபெற்றோர் இருபதின்மருக்கு மேல் மாண்டபோது, மீட்போர் நாட்கணக்கில் அவ்வுயரத்திற் பனியோடு போராடினர்.

எனவே, ஆபத்தை ஒருவர் தனியே ஏற்பதென்பது வெறும் சொல்லே. மலைக்குச் செல்லும் உரிமையை எவரும் மறுக்க வேண்டியதில்லை; எச்சரிக்கையைக் கற்றுத் தெளிதலும், வேண்டியவிடத்துத் திரும்பிவருதலும் அவ்வுரிமையோடு பிறந்த கடமைகள். அஞ்சத்தக்கவிடத்து அஞ்சுவதை அறிவுடையோர் செயலாகவே வள்ளுவரும் கொண்டார். தனக்காக அஞ்சாதவனும் தன்னைத் தேடி வருவோர்க்காக அஞ்சக் கடமைப்பட்டவன்.