ஏமாந்தவன் குற்றவாளியா?

திருட்டுப் போன வீட்டுக்கு விசாரிக்கப் போகிறவர்கள் முதலில் என்ன கேட்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? “கதவைச் சரியாகத் தாழ்ப்பாள் போட்டீர்களா?” என்பதுதான் முதல் கேள்வி. திருடன் யார் என்பதெல்லாம் அப்புறம். கேள்வியில் தவறில்லை. ஆனால் கேட்கிற குரலில் ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. ‘உன் அஜாக்கிரதைக்கு இது கூலி’ என்பதே அந்தத் தீர்ப்பு. அது நியாயந்தானா?

இதை எடைபோட்டுப் பார்க்க, பூட்டை உடைக்காமல் தொலைபேசிக் கம்பி வழியாகவே வீட்டுக்குள் புகுந்த ஒரு திருட்டை எடுத்துக்கொள்கிறேன்.

வீட்டிலிருக்கும் கம்ப்யூட்டர், மோடம் என்ற சிறு கருவியின் உதவியால் ஓர் எண்ணைத் தானே அழைத்து இணையத்தோடு சேர்ந்துகொண்ட காலம் அது. அந்த எண்ணை அழைக்கும் புரோகிராமுக்கு டயலர் என்று பெயர். கள்ள டயலர் என்ன செய்யும்? வீட்டுக்காரர் அறியாமல் வழக்கமான எண்ணை எடுத்துவிட்டு, நிமிஷக் கணக்கில் கொள்ளைக் கட்டணம் விழும் வேறோர் எண்ணை அங்கே வைத்துவிடும். அந்தக் கட்டணத்தில் ஒரு பங்கு தொலைபேசிக் கம்பெனிக்கு. மற்றொரு பங்கு எண்ணுக்கு உடையவனுக்கு. வீட்டுக்காரருக்கு மிஞ்சுவது மாதக் கடைசியில் வரும் பில்தான்.

அமெரிக்காவில் 1996, 1997-ஆம் ஆண்டுகளில் இப்படித்தான் நடந்தது. ஆபாசப் படங்களை இலவசமாகக் காட்டுவதாகச் சொல்லி ஒரு புரோகிராமைக் கொடுத்தார்கள். அது உள்ளூர் இணைப்பைத் துண்டித்தது. சத்தம் காட்டிக்கொடுத்துவிடாதபடி மோடத்தின் ஒலிபெருக்கியை அடக்கியது. பிறகு மால்டோவா தேசத்து எண் ஒன்றை அழைத்தது. படத்தை மூடிவிட்டு வேறு பக்கத்துக்குப் போனாலும் அந்த அழைப்பு அறுபடவில்லை. கம்ப்யூட்டரை அணைக்கும்வரை பணம் ஓடிக்கொண்டே இருந்தது.

“அந்தப் படத்தைப் பார்க்கப் போனவனுக்கு வேண்டியதுதான்!” என்று உங்களில் சிலர் முணுமுணுப்பது கேட்கிறது. மோசக்காரன் நம்பியிருந்ததும் அந்த முணுமுணுப்பைத்தான். வெட்கப்படுகிறவன் புகார் கொடுக்கமாட்டான் அல்லவா? ஆனால் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் ஒழுக்க விசாரணையில் இறங்கவில்லை. 1997-இல் வழக்குத் தொடுத்து, 38,000-க்கும் மேற்பட்டவர்களுக்குப் பணம் திரும்பக் கிடைக்க வழிசெய்தது. படம் பார்த்தது அவனுடைய மனச்சாட்சியின் விஷயம். பணத்தைப் பறித்தது சட்டத்தின் விஷயம். இரண்டையும் குழப்பிக்கொண்டால் கள்ளனுக்குத்தான் கொண்டாட்டம்.

சரி, அவன் சபலத்தால் போனான் என்று வைத்துக்கொள்வோம். சபலமே இல்லாதவன் கதி என்ன?

ஜெர்மனியில் 2000-ஆம் ஆண்டில், பதினாறு வயதுப் பையன் ஒருவன் இணைப்பை வேகமாக்கும் என்று நம்பி ஒரு புரோகிராமை இறக்கினான். வேகம் கூடவில்லை. பையன் புத்திசாலி, உடனே அதை அழித்துவிட்டான். ஆனால் அது போகும்போது சும்மா போகவில்லை. கம்ப்யூட்டரின் அமைப்பை மாற்றிவைத்துவிட்டுத்தான் போயிற்று. மே முதல் ஆகஸ்ட் வரை அந்த வீட்டு அழைப்புகள் கொள்ளை எண்ணுக்கே சென்றன. சுமார் 9,000 யூரோ கேட்டுத் தொலைபேசிக் கம்பெனி வழக்குத் தொடுத்தது.

2004 மார்ச் 4-ஆம் தேதி ஜெர்மனியின் உச்ச சிவில் நீதிமன்றம் அந்தப் பணத்தைக் கொடுக்க வேண்டியதில்லை என்று தீர்ப்பளித்தது. சந்தேகப்பட எந்த அறிகுறியும் இல்லாதபோது, டயலர் வந்துவிடுமோ என்று முன்கூட்டியே காவல் போடச் சாதாரணச் சந்தாதாரர் கடமைப்பட்டவரல்ல என்றது. அந்த எண்களால் கம்பெனிக்கும் ஆதாயம் இருக்கிறது. ஆகவே அவற்றால் வரும் ஆபத்தையும் கம்பெனியே தாங்கட்டும் என்றது. நான் மதிக்கும் தீர்ப்புகளில் இது ஒன்று. கூலியில் பங்கு வாங்கியவனுக்குப் பழியில் பங்கு கிடையாதா, என்ன?

“அப்படியானால் ஜாக்கிரதையே வேண்டாமா?” என்று கேட்பீர்கள். வேண்டும், கட்டாயம் வேண்டும். அன்றைக்கே அதற்கு வழிகள் இருந்தன. அதிகக் கட்டண எண்களைத் தடுத்துவைக்கும்படி கம்பெனியிடம் கேட்கலாம். வேலை முடிந்ததும் மோடத்தின் கம்பியைப் பிடுங்கிவிடலாம். இணைப்புக்கு முன் எந்த எண்ணுக்கு அழைப்புப் போகிறதென்று பார்க்கலாம். ‘இலவசம்’ என்று வரும் புரோகிராமைத் தொடாமலிருக்கலாம். இவையெல்லாம் விவேகம். விவேகம் நம்மைக் காக்கும் கவசம். கவசம் அணியாதவனைக் குத்தலாம் என்று எந்தத் தர்மமும் சொல்லவில்லை.

எல்லோரையும் மன்னித்துவிட்டால் ஜனங்கள் பொறுப்பை மறந்துவிடுவார்கள் என்பது வலுவான ஆட்சேபந்தான். ஆனால் பொறுப்பை யார் தலையில் வைத்தால் பலன் அதிகம் என்றும் பார்க்க வேண்டும். ஜெர்மனி 2003-இல் சட்டம் கொண்டுவந்தது. டயலர்களைப் பதிவு செய்தாக வேண்டும். நிமிஷத்துக்கு 2 யூரோவுக்கு மேல் வாங்கக்கூடாது. ஒரு மணி நேரமானால் இணைப்பைத் துண்டித்துவிட வேண்டும். வீட்டுக்கு வீடு ஒரு காவலாளி வைப்பதைவிட, சந்தை வாசலில் தராசைச் சோதிப்பது சுலபமல்லவா?

பிராட்பேண்டு வந்தது, அழைப்பு எண் போயிற்று, கள்ள டயலரும் போயிற்று. அதன் ஆவி மட்டும் போகவில்லை. அது கைபேசிக்குள் குடியேறிவிட்டது. நமக்குத் தெரியாமலே கட்டணச் சேவைகளில் நம்மைச் சந்தாதாரராக்கும் செயலிகள் இருக்கின்றன. அத்தகைய ஒரே ரகத்தைச் சேர்ந்த சுமார் 1,700 செயலிகளைத் தன் கடையிலிருந்து நீக்கியதாக கூகுள் நிறுவனம் 2020-இல் அறிவித்தது.

கதை எழுதுகிறவனுக்கு மனிதர்களின் பயம் கொஞ்சம் தெரியும். ஏமாந்த பிள்ளை அப்பாவின் வசைக்குப் பயந்து பில்லை ஒளிக்கிறான். ஏமாந்த அப்பா, மனைவியின் பார்வைக்குப் பயந்து வாயை மூடிக்கொள்கிறார். நிமிஷத்துக்கு நிமிஷம் கட்டணம் ஏறும் திருட்டில், இந்த மௌனத்துக்கும் நிமிஷக் கணக்கில் விலை உண்டு. “நான் ஏமாந்துவிட்டேன்” என்று பயமில்லாமல் சொல்ல முடிகிற வீட்டில் கள்ளன் ஒரு நாள் நுழையலாம். மூன்று மாதம் தங்க முடியாது.