மூடிய வாசல்கள் வழியே ஒரு நாள்

மும்பையின் பழைய துறைமுக நகரம் கோட்டைக்குள் இருந்தது. மதில்களை 1860களில் இடித்துவிட்டார்கள்; 'ஃபோர்ட்' என்ற பெயர் மட்டும் நிற்கிறது. நவி மும்பையின் ஐரோலியில் இருப்பவர் தானேயில் ரயில் மாறி சி.எஸ்.எம்.டி. ரயில் முனையத்தில் இறங்கினால், ஒரே பகலில் அதை நடந்தே பார்த்துவிடலாம். கூடவே ஒரு கேள்வியும் வரும்: வழிபாட்டிடம் யாருக்குச் சொந்தம்?

1718இல் திறக்கப்பட்ட புனித தோமையார் பேராலயத்தில் எவரும் போய் உட்காரலாம். 1884இல் பாக்தாதி யூதர்கள் கட்டிய நீலநிற ஜெப ஆலயமும் வெளியாரை அனுமதிக்கிறது. 1709ஆம் ஆண்டின் பானாஜி லிம்ஜி நெருப்புக் கோவிலில் மட்டும் பார்சி அல்லாதோர் வாசலோடு நிற்க வேண்டியதுதான்.

சர்ச்கேட் பக்கம் பீகா பெஹ்ராம் கிணறு, 1725இல் வெட்டியது. கடலுக்கு இவ்வளவு அருகில் நல்ல தண்ணீர்! வண்ணக் கண்ணாடி விதானத்தின் கீழே பார்சிகள் விளக்கேற்றி வணங்குகிறார்கள். உள்ளே போகப் பிறருக்கு அனுமதியில்லை. தண்ணீரை வெளியே குழாயில் யாரும் குடிக்கலாம்.

இதைப் பார்த்து முகம் சுளிக்கத் தமிழருக்கு அவ்வளவு உரிமையில்லை. மதுரை மீனாட்சி கோவிலுக்குள் தலித்துகளும் நாடார்களும் நுழைய 1939 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. பார்சிகளைப் போல அகதியாய் வந்த சிறு கூட்டம் தன் நெருப்பைக் காக்கக் கதவடைப்பது வேறு. கும்பிடும் சாமியிடமிருந்தே சொந்த மக்களை விலக்குவது வேறு. பின்னதற்கு நியாயமே கிடையாது.

சொந்த மக்களை விலக்கும் சிக்கல் பார்சிகளுக்கும் உண்டு: வேற்று மதத்தவரை மணந்த பார்சிப் பெண் நெருப்புக் கோவிலுக்குள் போகலாமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது.