விருந்தும் விற்பனையும்



இல்லறத்தார்க்கு ஆசாரிய உமாஸ்வாமி தத்துவார்த்த சூத்திரத்தில் வகுத்தருளிய பன்னிரண்டு விரதங்களின் வரிசையில் கடைசியாக நிற்பது அதிதி சம்விபாகம். துறவோர்க்கும் அறநெறி நிற்போர்க்கும் தம் உணவில் பங்களித்தலே இதன் முதற்பொருள். ஆயினும், வாயிற்படி கடந்து வந்தவரிடம் கைம்மாறு கருதாது நடந்துகொள்ளும் பண்பையும் நம் குடும்பங்கள் இவ்விரதத்தை ஒட்டியே பேணி வந்துள்ளன. வந்தவருக்கு வடிகட்டிய நீர் ஒரு செம்பு கொடுத்த பின்னும், வந்த காரணத்தைக் கேட்கக் கூசிய இல்லங்கள் நம்முடையவை.

இன்று அதே கூடத்தில் வேறொரு வகை அழைப்பு நிகழ்கிறது. "சாயங்காலம் வீட்டுக்கு வாங்க அக்கா, சும்மா நாலு பேர் பேசிக்கொண்டிருக்கலாம்" என்பார்கள். சென்றால், பலகாரத் தட்டின் அருகே வண்ணப் பெட்டிகளும் முகப்பூச்சுகளும் சத்துமாவு டப்பாக்களும் அடுக்கப்பட்டிருக்கும். ஒரு சிறு விளையாட்டு, அதற்கொரு சிறு பரிசு, அதன்பின் கைக்குக் கை மாறிவரும் ஆர்டர் படிவம். (இத்தகைய கூட்டங்கள் பெரும்பாலும் விளக்கேற்றிய பின்னரே கூடுவதால், இரவுண்ணாமை நோற்பவர் தட்டைத் தொடாமல் அமர்ந்திருக்க வேண்டியுள்ளது என்பது தனிச் சங்கடம்!) சந்தைக்குச் செல்வோர் பொருள் வாங்கும் எண்ணத்துடன் செல்கின்றனர். இங்கோ விருந்தினராகச் சென்றவர் வாங்குபவராகத் திரும்புகிறார். இது பற்றி நம் மாதர் பலர் மனக்கலக்கத்துடன் இருப்பதால், அறநூல் நோக்கில் சிலவற்றைச் சிந்திப்போம்.

இம்முறை பெரிதாக வளர்ந்த இடம் அமெரிக்கா. ஏர்ல் டப்பர் என்பார் காற்றுப்புகாத மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிகளைச் செய்து 1946-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். அம்மூடியைத் திறந்து மூடும் முறை மக்களுக்கு விளங்காமையால் கடைகளில் அவை தேங்கின. பிரவுனி வைஸ் என்னும் பெண்மணி அதை வீட்டுக்கூடத்தில் தோழியர் நடுவே செய்து காட்டி விற்றார். பலன் பெரிதாயிருக்கவே, 1951-இல் டப்பர்வேர் நிறுவனம் கடை விற்பனையைக் கைவிட்டு, வீட்டு விருந்தையே தன் ஒரே அங்காடியாக்கிக் கொண்டது. 1954-இல் வணிக இதழொன்றின் அட்டையில் படம் வரும் அளவிற்குப் புகழ்பெற்ற அவ்வம்மையாரை 1958-இல் அந்நிறுவனமே வேலையினின்று நீக்கியது. நட்பை மூலதனமாக்கக் கற்றுக்கொடுத்தவரிடம் நிறுவனம் பாராட்டிய நட்பு அவ்வளவே. 1996-இல் டப்பர்வேர் நம் நாட்டிற்கு வந்தது. அதையொட்டிப் பிற நிறுவனங்களும் பல பொருள்களுடன் வந்தன. 2024 செப்டம்பரில் டப்பர்வேரின் தாய் நிறுவனம் கடன் சுமையால் அமெரிக்க நீதிமன்றத்தில் திவால் பாதுகாப்புக் கோரியது. ஆனால் அது காட்டிய வழி மறையவில்லை.

இம்முறையில் நன்மையே இல்லை என்று கூறுதல் நேர்மையாகாது. வெளியே சென்று பணிபுரிய இயலாத பெண்கள் இதனால் நாலு காசு கண்டுள்ளனர். மேலும், வாணிகம் சமணர்க்கு விலக்கப்பட்ட தொழிலன்று. நேர்மையான அளவையும் நியாயமான இலாபமும் உடைய வணிகனை நம் நூல்கள் போற்றுகின்றன. ஆகவே நம் வினா, பெண்கள் விற்கலாமா என்பதன்று. அந்தக் கூடத்தில் உண்மையில் விற்கப்படுவது எது என்பதே.

அங்கு விற்கப்படுவது பெட்டியன்று, தாட்சண்யம். அழைத்தவர் பக்கத்து வீட்டுக்காரர், அல்லது சம்பந்தி வழி உறவினர், அல்லது ஜினாலயத்தில் நாள்தோறும் காண்பவர். விற்பனைத் தொகைக்கு ஏற்ப அவருக்குப் பரிசு உண்டென்பது அனைவருக்கும் தெரியும். தமக்கு முன் எழுதியவர் என்ன எழுதினார் என்பதும் படிவத்தில் தெரியும். ஒன்றும் எழுதாமல் அதை அடுத்தவரிடம் தள்ளுவதற்கு எத்தனை பேருக்கு மனவலிமை உண்டு? கணவனின் மாதச் சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவிடும் ஒரு சகோதரி, முகம் கோணாமல் ஐந்நூறு ரூபாய்க்கு எழுதிக் கையொப்பமிடுகிறாள். வீடு திரும்பியதும் அதனை எந்தச் செலவில் மறைப்பது என்று கணக்கிடுகிறாள்.

மூன்றாவது அணுவிரதமாகிய கள்ளாமைக்கு நம் நூல்கள் தரும் இலக்கணத்தை இங்கு நினைவுகூர வேண்டும். அதத்தாதானம், அதாவது கொடுக்கப்படாததை எடுத்துக்கொள்ளுதல், என்பதே களவு. பூட்டை உடைத்தல் ஒன்றே களவு என்று நம் ஆசாரியர் கூறவில்லை. கை கொடுத்தும் மனம் கொடாத பொருள் முழுமையாகக் கொடுக்கப்பட்டதாகுமா? நாணத்தினால் பிழியப்பட்ட பணத்தை விலை என்று கணக்கில் எழுதலாம். ஆயினும் அதன்கண் அதத்தத்தின் சாயல் படிந்திருக்கிறது என்பதே நம் கருத்து. பிறர் மனத்தை அவர் அறிந்தே வருந்தச் செய்வதால் அகிம்சைக்கும் அது ஊறாகும்.

வாய்மை விரதத்தையும் இதனோடு நோக்குக. சும்மா பேச அழைப்பதாகக் கூறி விற்பனைக்கு அழைத்தல் எவ்வகைச் சொல்? அரசும் இதனைக் கருதியிருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்பு (நேரடி விற்பனை) விதிகள், 2021 என்னும் சட்டவிதிகளின்படி, விற்பவர் தாம் யார், எந்த நிறுவனத்தினர், எதனை விற்க வந்துள்ளார் என்பதைத் தொடக்கத்திலேயே உண்மையாகச் சொல்ல வேண்டும். அடையாள அட்டையும் முன் இசைவும் இன்றி ஒருவர் வீட்டிற்குள் செல்லலாகாது. சட்டம் நேற்றுக் கேட்டதை விரதம் எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே கேட்டுவிட்டது. மேலும், சத்துமாவைக் காட்டி "இதனால் சர்க்கரை நோய் தீரும்" என்று விற்பவர், உமாஸ்வாமி வாய்மைக்கு உரிய அதிசாரங்களுள் முதலாவதாக வைத்த மித்யோபதேசத்தில், பொய்யறிவுரையில், வீழ்கிறார். அந்த டப்பாக்களுக்கு நடுவே மீனெண்ணெய் மாத்திரைகளும் விலங்குகளின் எலும்பு, தோலிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் உறைகளும் இருப்பதுண்டு. சைவக் குறியைப் பாராமலே அவற்றைச் சிராவகியர் கையால் சிராவகியர்க்கு விற்கும் நிலையை என்னென்பது!

வாங்கும் பெண்மணிக்கு இழப்பு சில நூறு ரூபாயோடு நிற்கிறது. விற்கும் பெண்மணியின் இடர் அதனினும் ஆழமானது. மாத இலக்கு முடிய இரண்டு நாள் இருக்கையில் தொகை குறைந்தால், தரம் இறங்காமலிருக்கத் தாமே வாங்கி நிரப்புகிறார். அடுத்த மாதம் விற்றுவிடலாம் என்னும் நம்பிக்கையில் பரணும் கட்டிலடியும் நிறைகின்றன. பரிக்கிரக பரிமாண விரதத்திற்கு உமாஸ்வாமி கூறும் அதிசாரங்களில் குப்பியம், அதாவது துணி, பாத்திரம் முதலிய வீட்டுப் பொருள்கள், வரையறை மீறுதலும் ஒன்று. சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டகத்தில் அதிசங்கிரகத்தையும், பிறர் ஊதியங்கண்டு மயங்கும் விஸ்மயத்தையும், லோபத்தையும் அடுத்தடுத்து வைத்திருப்பது வியக்கத்தக்கது. நிறுவனத்தார் மண்டபத்தில் கூட்டம் கூட்டி, கார் வாங்கியவரையும் வெளிநாடு சென்றவரையும் மேடையேற்றுவது எதற்காக? அந்த விஸ்மயம் பிறப்பதற்காகவே.

மேடையேறாதவர் நிலை என்ன? அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையத்தின் அலுவலர்கள் இத்தகைய 70 நிறுவனங்கள் வெளியிட்ட வருமான அறிக்கைகளை ஆராய்ந்து 2024-இல் ஓர் அறிக்கை தந்தனர். பங்கேற்றவருள் பெரும்பாலோர் ஆண்டு முழுவதும் பெற்றது 1000 டாலர் அல்லது அதற்கும் குறைவு. அந்நிறுவன அறிக்கைகள் பலவற்றில் அவரவர் கைச்செலவு கழிக்கப்படவில்லை என்பதையும் சேர்த்து எண்ணுக.

விற்பதோடு நில்லாமல் ஆள் சேர்க்கவும் சொல்லும்போது கணக்கே இடம் கொடுப்பதில்லை. ஒருவர் அறுவரைச் சேர்க்க, அவ்வறுவரும் அறுவரைச் சேர்க்க, 6, 36, 216, 1296, 7776, 46,656 எனப் பெருகி, ஏழாம் படியில் 2,79,936 பேர் வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கில் தமிழ்நாட்டில் வாழும் சமணர், வடபுலத்திலிருந்து வந்தோரையும் சேர்த்து, ஒரு லட்சத்திற்கும் குறைவு. வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பக்கத்து ஊர்களில் பெண் கொடுப்பதும் எடுப்பதும் ஒரே சில குடும்பங்களுக்குள்தான். அச்சிறு வட்டத்தில் வாங்குபவரும் விற்பவரும் விரைவில் தீர்ந்துவிடுவர். அதன்பின் மீதியிருப்பது விற்காத சரக்கும், ஒருவர் வருகையைக் கண்டு மற்றவர் தெருவை மாற்றிச் செல்லும் மனத்தாங்கலுமே. ஒரு பெட்டிக்காக நந்தீசுவர பூசைக்கும் சேர்ந்து வராத அண்ணியும் நாத்தனாரும் உண்டாகலாமா?

ஆள் சேர்ப்பதற்கே பணம் தரும் பிரமிடுத் திட்டங்களை மேற்சொன்ன விதிகள் தடை செய்கின்றன. பணச்சுழற்சித் திட்டங்களை 1978-ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்கெனவே தடுத்துள்ளது. ஆகவே, சேர்வதற்குக் கட்டணம் கேட்பவரிடம் ஒப்பந்தத்தை எழுத்தில் கேளுங்கள். அபராதமின்றி விலகிக்கொள்ளும் காலக்கெடு எத்தனை நாள் என்றும் கேளுங்கள். சரக்கு தேங்கிவிட்ட சகோதரி வெட்கத்தால் அதனை வீட்டாரிடம் மறைக்க வேண்டாம். வீட்டாரும் அவளைக் கடிந்துகொள்ள வேண்டாம். அக்கடனுக்கு வித்திட்டது குடும்பத்திற்கு உதவும் ஆசையே அன்றோ?

தொடர்ந்து விற்க விரும்புவோர், அழைக்கும்போதே "இது விற்பனை, வாங்க வேண்டிய கட்டாயமில்லை" என்று சொல்லி அழைக்கட்டும். படிவத்தைச் சபையில் சுற்றவிடாமல், வேண்டியவர் மறுநாள் தனியே சொல்லும்படி விடட்டும். விற்பனை குறையலாம், குறைந்த தொகை எவ்வளவோ, அவ்வளவும் இதுவரை தாட்சண்யத்தால் வந்தது என்று அறிந்துகொள்ளலாம். அழைக்கப்படுவோர், கூடத்தில் அமர்ந்தபின் தயங்குவதைவிட, இவ்வாண்டு வீட்டுப் பொருள்களுக்கு வரையறை செய்துகொண்டு செல்வது எளிது. "பரிமாணம் எடுத்திருக்கிறேன் அக்கா, இந்த வருஷம் புதிதாக ஒன்றும் வாங்குவதில்லை" என்னும் சொல்லை நம்மவர் எவரும் தவறாகக் கொள்ளார். வரும் தசலட்சண பர்வத்தில், உத்தம ஆகிஞ்சன்ய நாளன்று, ஜினபிம்பத்தின் முன் அவ்வரையறையை எழுதி வைத்துக்கொள்ளலாம்.