கொல்லைக் குருவியும் கூடைக்காரியும்

வட்டகொடை மலைச்சரிவுகளில், தேயிலைக்கு நடுவே நீண்டு கிடக்கும் லயங்களின் பின்னால் சிறு கொல்லைகள் உண்டு. ஒரு பாத்தி கோவா, ஓரத்திலே ஒரு கொய்யாமரம், பெரும்பாலும் அவ்வளவே. அங்கேதான் மஞ்சட்காதுச் சின்னான் வந்தமர்கிறது. இலங்கை வெள்ளைக்கண்ணிக் குருவிகள் கூட்டமாய் வந்து பூச்சி பொறுக்குகின்றன. இவ்விரண்டும் இத்தீவைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாதவை. இமயத்தின் வடமேற்கு மலைக்காடுகளிற் குஞ்சு பொரிக்கும் காஷ்மீர் ஈப்பிடிப்பானும் ஒக்டோபரில் இம்மலைநாட்டை நாடி வந்து, மார்ச்சு முடிவிலே திரும்பிச் செல்கிறது.

இன்று லயத்துப் பிள்ளைகள் தம் கைத்தொலைபேசியால் இப்பறவைகளைப் படம்பிடிக்கிறார்கள். வெறும் பொழுதுபோக்குத்தானே, இதிலே அறமென்ன, தத்துவமென்ன என்று சிலர் கேட்கக்கூடும். ஆனால், ஓர் உயிரைப் பார்த்து அதன் உருவத்தை நமதாக்கிக்கொள்ளும் போது, பார்க்கப்பட்ட அவ்வுயிருக்கு நாம் பட்ட கடன் யாது என்ற கேள்வி இங்கே எழுகிறது.

நல்ல பறவைப் படக்காரன் அக்கடனை அறிவான். அவன் கூட்டை நெருங்குவதில்லை. படம் தெளிவாக விழவேண்டுமென்று கூட்டை மறைத்த கிளையை வெட்டுவதில்லை. வெட்டினால் வெயிலும் காக்கையும் குஞ்சுகளைத் தேடி வந்துவிடும். பதிவு செய்த குரலை ஒலித்துப் பறவையை ஏமாற்றுவதுமில்லை; பகையொன்று வந்ததென்று எண்ணி அது இரையையும் குஞ்சையும் மறந்து அலையும். அவன் காத்திருக்கிறான். பின்னர் அதன் பெயரைக் கேட்டறிந்து, நாளையும் இடத்தையும் குறித்து வைக்கிறான். ஊறு செய்யாமை, பொறுமை, பெயரறிதல் ஆகிய மூன்றும் பார்வையின் ஒழுக்கம் எனலாம்.

இதே மலைநாட்டு மனிதரை நோக்கித் திரும்பிய கமராவுக்கு இவ்வொழுக்கம் இருந்ததா? டெனிசனையும் டார்வினையும் படமெடுத்துப் புகழ்பெற்ற ஜூலியா மார்கரெட் கெமரன், தம் கணவருக்குக் கோப்பித் தோட்டங்கள் இருந்த இலங்கைக்கு 1875இல் வந்து குடியேறினார். 1879இல் டிக்கோயாப் பள்ளத்தாக்கிலே இறந்து, பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார். இங்கும் அவர் உழைப்பாளிகளைப் படமெடுத்தார். இங்கிலாந்திலே அவர் எடுத்த முகங்கள் பலவற்றுக்குப் பெயருண்டு. இங்கு எடுத்த முகங்களிற் பெரும்பாலானவற்றுக்குப் பெயரில்லை. பின்னாளில் அஞ்சலட்டைகளிலும் தேயிலைப் பொட்டலங்களிலும் சிரித்த கொழுந்துக்காரியின் பெயரையும் எவரும் கேட்கவில்லை. தோட்டத்துப் பேச்சிலே 'பேர்' என்ற சொல் ஒருநாட் கூலியைக் குறிக்கும். நிறுவை குறைந்தால் 'அரைப்பேர்'. மனிதப் பெயர் கூலியின் அளவாகக் குறுகிப்போன கொடுமையை இந்த ஒரு சொல்லே சொல்லும்.

சட்டமும் இவ்வாறே நடந்தது. காட்டுயிர்களையும் தாவரங்களையும் காக்க 1937இல் இந்நாட்டிலே கட்டளைச் சட்டம் பிறந்தது. பதினொரு ஆண்டுகள் கழித்து, 1948இன் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரை நாடற்றவர் ஆக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமாகப் பங்கிட்டது. எஞ்சியோரின் துயர் தீர 2003இலும் ஒரு சட்டம் வேண்டியிருந்தது. காஷ்மீரக் குருவியை எவரும் கடவுச்சீட்டுக் கேட்டதில்லை. குருவியைக் காத்தது குற்றமென்று அறிவுடையோர் சொல்லார். குருவிக்கு விரிந்த கருணை கூடைக்காரியின் முன்னே சுருங்கியதே குற்றம்.

வயிறு காய்கையிலே குருவி எதற்கு என்று நம் தோழர்களுள் ஒரு சாரார் வாதிப்பர். இவ்வாதம் உழைப்பாளியை வயிறு மட்டுமாகக் காண்கிறது; துரைமாரும் அப்படித்தான் கண்டார்கள். இலங்கைப் பறவைகளைப் பற்றி 1955இல் புகழ்பெற்ற நூலொன்றை வெளியிட்ட ஜி. எம். ஹென்றி, தேயிலைத் தோட்டமொன்றிலே பிறந்தவர். அவர் கண்ட பறவைகள் லயத்துக் கொல்லைக்கும் வந்தன. அங்கே கண்கள் இருந்தன; ஓய்வும் பள்ளியும் காகிதமும் இல்லை. சோறு பறிக்கப்பட்ட இடத்திலே, பார்த்து வியந்து எழுதும் உரிமையும் உடன் பறிக்கப்பட்டது. எனவே லயத்துச் சிறுமி எடுக்கும் குருவிப்படம் அற்பமன்று. நூறாண்டுகளுக்கு மேலாகப் பார்க்கப்படும் பொருளாக நிறுத்தப்பட்ட இனம், இப்போது தானே பார்க்கத் தொடங்குகிறது.

ஆயினும் அவள் நின்று படமெடுக்கும் கொல்லை அவளுடையதன்று. 1992 முதல் தோட்டங்களைக் கம்பனிகள் நடத்துகின்றன. தலைமுறைகளாய்க் கொத்திப் பண்படுத்திய மண்ணுக்குப் பெரும்பாலான குடும்பங்களிடம் உறுதிப் பத்திரம் இல்லை. பறவைகளைத் தேடி இம்மலைக்கு வருவோரே, குருவிக்காக ஒரு மணிநேரம் மூச்சடக்கிக் காத்திருக்கும் நீங்கள், கூடை சுமந்து வரும் பெண்ணின் முன்னே ஒரு நொடி கமராவைத் தாழ்த்துங்கள். அவளது சம்மதத்தைக் கேளுங்கள், பெயரைக் கேளுங்கள். அந்தப் பெயர் ஒரு காணி உறுதியிலே எழுதப்படும் வரை நம் பார்வையின் கடன் தீராது.