பணியச் சொல்பவரின் கடமை

பள்ளிப் பிள்ளைகளுக்குச் சீருடை அணிவித்து, வீட்டிலிருந்து பிரித்து, பல நாள்கள் ஓரிடத்தில் தங்கவைத்துப் பயிற்றுவிக்கும் முகாம் பெரும்பாலும் நிர்வாகத் திறன் சார்ந்த ஏற்பாடாகவே கருதப்படுகிறது. எத்தனை பேருக்குச் சமையல், எங்கிருந்து குடிநீர், எத்தனை கழிப்பறைகள் என்ற கணக்குகளுக்கு அடியில், அறவியல் நெடுங்காலமாகக் கேட்டுவரும் வினா ஒன்று இருக்கிறது: பிறர் பெற்ற பிள்ளையிடம், அதன் விருப்பத்தை ஒதுக்கிவைத்துவிட்டுச் சொன்னபடி நட என்று கூறும் உரிமை ஒருவருக்கு எங்கிருந்து வருகிறது?

இந்தியாவில் இவ்வினா மிகப் பெரிய அளவில் எழும் இடம் தேசிய மாணவர் படை. ஹிருதயநாத் குன்ஸ்ரு தலைமையிலான குழு அளித்த பரிந்துரையை ஒட்டி 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பட்ட இப்படையின் இளநிலைப் பிரிவில் எட்டாம், ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் கேடட்களாகச் சேர்கிறார்கள். அவர்களுக்கான பத்து நாள் பயிற்சி முகாமில், முப்படைகளிலிருந்து வரும் பயிற்றுநர்களும், பள்ளி ஆசிரியர்களாக இருந்துகொண்டே படைப் பொறுப்பையும் ஏற்ற ஏ.என்.ஓ. எனப்படும் இணை அதிகாரிகளும் சில நூறு பிள்ளைகளைத் தங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்டவர்களாகப் பெறுகிறார்கள்.

உரிமைக்கு ஆதாரமாக வழக்கமாகச் சொல்லப்படுபவை இரண்டு: ஒன்று ஒப்புதல், மற்றொன்று நாட்டு நலன். சீனப் போருக்குப் பின் 1963இல் கட்டாயமாக்கப்பட்ட இப்பயிற்சி 1968இல் மீண்டும் விருப்பத்துக்கு விடப்பட்டதால் ஒப்புதல் என்ற ஆதாரம் வலுப்பெற்றது உண்மையே. எனினும் முகாம் எப்படியிருக்கும் என்று அறியாத பிள்ளையும், அதை நேரில் காணாத பெற்றோரும் இட்ட கையெழுத்து, உள்ளே நடக்கும் எல்லாவற்றுக்கும் அளித்த இசைவாகிவிடாது. நாட்டு நலன் என்ற ஆதாரமோ, மனிதரை வெறும் கருவியாக மட்டும் நடத்தலாகாது என்று 1785இல் வெளிவந்த நூலில் இமானுவேல் காண்ட் வகுத்த நெறியோடு மோதுகிறது. மாணவர் படையில் சேர்ந்ததனால் மட்டும் எவரும் போர்ப்பணிக்குக் கடமைப்பட்டவர் ஆகமாட்டார் என்று சட்டமே கூறுவதால், பிள்ளையை நாட்டின் கருவியாக்குவது சட்டத்தின் நோக்கமும் அன்று என்பது தெளிவு.

இளையோரைத் திரட்டி ஒழுங்குக்குள் வாழவைப்பதன் அறத்தை மிகக் கூர்மையாக ஆராய்ந்த பழைய நூல்களுள் ஒன்று, பௌத்தத் துறவியரின் ஒழுக்க விதிகளைத் தொகுத்த விநய பிடகம். அதன் மகாவக்கம் என்னும் பகுதி, இராசகிருகத்தைச் சேர்ந்த உபாலி என்னும் சிறுவனும் அவன் தோழர்களுமாகப் பதினேழு பேர் சங்கத்தில் சேர்ந்த நிகழ்ச்சியைச் சொல்கிறது. எழுத்துத் தொழில் விரலை வருத்தும், கணக்குத் தொழில் நெஞ்சை வருத்தும், துறவியரோ நன்றாக உண்டு காற்றடிக்காத இடத்தில் உறங்குகிறார்கள் என்று உபாலியின் பெற்றோர் பேசிக்கொண்டது மகன் காதில் விழ, அவன் தோழர்களையும் சேர்த்துக்கொண்டான். பெற்றோர் அனைவரும் இசைந்தார்கள். துறவியரும் முழுத் தீட்சை அளித்தார்கள். விடியுமுன் கண்விழித்த அச்சிறுவர்கள் கஞ்சி வேண்டும், சோறு வேண்டும் என்று அழுதார்கள், விடியட்டும், இருந்தால் கிடைக்கும், இல்லையேல் பிச்சை ஏற்று உண்ணலாம் என்று மூத்தோர் கூறிய பின்னும் அழுகை ஓயவில்லை, படுக்கைகளும் நனைந்தன. ஓசை கேட்டு விசாரித்த புத்தர் கடிந்துகொண்டது சிறுவர்களை அன்று, அவர்களைச் சேர்த்துக்கொண்ட மூத்தோரையே. குளிர், வெயில், பசி, தாகம், கொசுக்கடி, கடுஞ்சொல், உடல்நோவு ஆகியவற்றைத் தாங்கும் ஆற்றல் இருபது வயது நிரம்பாதவர்க்கு இல்லை என்று காட்டி, முழுத் தீட்சைக்கு அவ்வயதை எல்லையாக அவர் விதித்தார். பெற்றோரின் ஒப்புதல் முழுமையாக இருந்தும் அது மூத்தோரின் பொறுப்பைக் குறைக்கவில்லை என்பதும், பிள்ளையின் அழுகை ஒழுங்கீனமாக எண்ணப்படாமல் அமைப்பின் குறையைக் காட்டும் சான்றாகக் கொள்ளப்பட்டது என்பதும் முகாம் நடத்தும் எவரும் ஆழ்ந்து எண்ணவேண்டியவை.

மாணவர் படை தன் ஒழுக்கத்துக்கு அடிப்படையாக நான்கு நெறிகளைக் கற்பிக்கிறது: முகமலர்ந்து கீழ்ப்படிதல், நேரம் தவறாமை, ஆரவாரமின்றி உழைத்தல், சாக்குச் சொல்லாமலும் பொய் பேசாமலும் இருத்தல். இவை உயர்ந்த நெறிகளே. ஆயினும் இறுதி நெறியை ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளை எவ்வாறு விளங்கிக்கொள்கிறது என்பதைப் பொறுத்தே அது நன்மையாகவோ தீமையாகவோ முடிகிறது. புது பூட்ஸ் குதிகாலைத் தேய்த்துக் கொப்புளம் கட்டி, மறுநாள் அது உடைந்து காலுறையோடு ஒட்டிக்கொண்ட நிலையிலும், வலிக்கிறது என்று சொன்னால் சாக்காகிவிடுமோ என்று அஞ்சும் பிள்ளை காலை உதைத்து நடக்கிறது. மாதவிலக்கு நாளில் வெயிலில் நிற்கும் மாணவி ஆண் பயிற்றுநரிடம் வாய்திறக்கக் கூசுகிறாள். அசையாமல் நெடுநேரம் நிற்கும்போது குருதி கால்களில் தேங்கி மூளைக்குச் செல்வது குறைவதால் வரிசையில் ஒருவர் சரிந்து விழுவது அணிவகுப்புத் தரைகளில் அடிக்கடி நிகழ்வது. அது மனவுறுதிக் குறைவு அன்று, உடலின் இயல்பு. விழுவதற்குச் சற்று முன் முகம் வெளிறி, உதட்டின் மேல் வியர்வை அரும்பும். அதைக் காணும் கண் எதிரே நிற்பவருக்கு இருந்தாகவேண்டும். தன்னைப் பற்றிய செய்திகளில் கருத்துரைக்கும் உரிமையைக் குழந்தைக்கு வழங்கும் ஐக்கிய நாடுகள் அவையின் 1989ஆம் ஆண்டு உடன்படிக்கையை 1992இல் இந்தியா ஏற்றது. அவ்வுரிமை அணிவகுப்புத் தரையில் நின்றுபோவதில்லை. ஆகவே வலியைச் சொல்வது வேறு, சாக்குச் சொல்வது வேறு என்று முதல் நாள் ஃபால்-இன் எனப்படும் அணிதிரளலிலேயே எடுத்துக்கூறுவதும், அவ்வாறு சொன்ன முதல் பிள்ளையை எள்ளாமல் எம்.ஐ. ரூம் எனப்படும் மருத்துவ அறைக்கு அனுப்பிவைப்பதும் ஒழுக்கப் பயிற்சியின் தொடக்கமே ஆகும்.

பொறுப்பு என்னும் கருத்தை 1979இல் விரிவாக ஆராய்ந்த மெய்யியலாளர் ஹான்ஸ் யோனாஸ், அதன் மூல வடிவத்தைப் பெற்றோருக்கும் குழந்தைக்கும் இடையிலான உறவில் கண்டார். அங்கே கடமை ஒரு திசையில் மட்டுமே செல்கிறது, கைம்மாறு எதிர்பார்ப்பதில்லை. பள்ளியும் முகாமும் இந்நிலையைக் கடனாகப் பெறுகின்றன. கடனாகப் பெற்றதைத் தம்முடையதாக எண்ணும்போது சீருடையே ஆபத்தாக மாறுகிறது. தேசிய மாணவர் படையோடு தொடர்பே இல்லாத ஒருவர் அதன் பெயரால் கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தனியார் பள்ளியொன்றில் முகாம் நடத்தினார் என்றும், அங்குத் தங்கிய மாணவிகள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள் என்றும் 2024 ஆகஸ்டில் வழக்குப் பதிவானது. புகாரை மறைத்ததாகப் பள்ளித் தரப்பினரும் கைதானார்கள். மிடுக்கான நடையையும் அதிகாரக் குரலையும் கண்ட அளவில் நம்பிக்கை அளிக்கும் சமூகம், அந்த அதிகாரம் எவருக்குக் கணக்குக் காட்டுகிறது என்று கேட்கத் தவறுவது பெருங்குற்றம் என்றே கூறவேண்டும்.

மகாவக்கம் இதற்கு மாறான ஒரு முறையையும் காட்டுகிறது. குருவுக்கு மாணாக்கன் ஆற்றவேண்டிய பணிவிடைகளை விரித்துரைத்த பின், மாணாக்கன் நோயுற்றால் குருவும் அவற்றையே ஆற்றவேண்டும் என்று அது விதிக்கிறது: பல்குச்சியும் முகம் கழுவ நீரும் தருவது, இருக்கை இடுவது, கஞ்சி கொடுத்துக் கலத்தைக் கழுவிவைப்பது, தங்குமிடத்தைக் கூட்டுவது என எதுவும் விடுபடவில்லை. நோயுற்றுக் கவனிப்பாரற்றுக் கிடந்த துறவியைத் தம் சீடர் ஆனந்தரோடு சேர்ந்து தாமே கழுவிப் படுக்கவைத்த புத்தர், தாயும் தந்தையும் இல்லாத இவ்விடத்தில் ஒருவரை ஒருவர் பேணாவிட்டால் வேறு யார் பேணுவார் என்று சங்கத்தாரைக் கேட்டதாகவும் அந்நூல் கூறுகிறது. கட்டளையிடும் உரிமை இத்தகைய பணிவிடையால் அன்றாடம் ஈட்டப்படுவது, பதவியோடு ஒருமுறை வந்து நிலைத்துவிடுவது அன்று. இரவு ரோல் கால் எடுத்துத் தலைகளை எண்ணுவதால் மட்டும் பிள்ளைகளை அறிந்ததாகாது. எண்ணிக்கை சரியாக இருக்கும் வரிசையிலேயே வீட்டு நினைவில் இரண்டு வேளையாக உண்ணாத பிள்ளையும் நின்றுகொண்டிருக்கக்கூடும். எனவே ஒவ்வொரு பெரியவரும் பெயரும் முகமும் அறிந்து கவனிக்கக்கூடிய சிறு குழுக்களாக முகாமைப் பிரிப்பதும், மாணவியர் தங்குமிடத்தில் இரவெல்லாம் பெண் பயிற்றுநர் இருப்பதும், மாலை அணிவகுப்புக்கு நேரம் ஒதுக்குவதைப் போலவே பிள்ளைகள் பூட்ஸைக் கழற்றிக் கால்களைக் காட்டவும் வீட்டுக்குப் பேசவும் நாள் அட்டவணையில் நேரம் குறிப்பதும், முகாமைத் திட்டமிடும் முதல் நாளிலேயே எழுதப்படவேண்டியவை.