கருவுறும் வழியும் கருதும் மனமும்

இல்லறத்தார் மகப்பேற்றினை நாடுதல் இயல்பு. அந்நாட்டம் வழக்கமான முறையிற் கைகூடாதவிடத்து வேறொரு முறையைக் கைக்கொள்ளுதல் அறத்திற்கு ஒத்ததா, அன்றா என்னும் வினாவை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். இவ்வினா ஏட்டினின்றும் எழுந்ததன்று. நாம் ஆராயாது உரைத்த ஒரு சொல்லினால் ஒரு குடும்பம் துன்புற்றது. அக்கடனைத் தீர்க்கவே இதனை எழுதுகின்றோம்.

ஹூக்ளி நதிக்கரையிலுள்ள சணலாலை ஒன்றில் நூற்புப் பகுதியிற் பல்லாண்டு உழைத்தபின் தம்மம் உரைக்கும் பணியை மேற்கொண்டவர் நாம். கொல்கத்தாவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உரை முடிந்து அன்பர்கள் கலைந்தபின், கணவனும் மனைவியுமாக இருவர் நம்மை அணுகினர். அவர்களுக்கு மணமாகி ஆறாண்டு ஆகியிருந்தது. கூடுங்கால் மனைவியின் தசைகள் தாமே இறுகிப் பொறுக்கலாகா வலி உண்டாகும். இது பிடிவாதமன்று, வேண்டுமென்று செய்வதுமன்று, மருத்துவ நூல்கள் அறிந்த ஒரு நோய். அதற்குச் சிகிச்சை உண்டு. ஆயினும் அது நாட்கொள்வது. இதற்கிடையே மருத்துவர் ஒருவர் எளிய முறையொன்றைக் கூறினாராம். கணவனின் விந்தினைத் தூய கிண்ணத்தில் ஏற்று, ஊசியில்லாத சிரிஞ்சினால் மனைவி தன் கையாலேயே, தம் இல்லத்திலேயே, உட்செலுத்திக்கொள்ளலாம் என்பது அம்முறை. “இவ்வாறு பிறக்கும் பிள்ளை குறைப்பட்ட பிறப்பாகுமா, ஐயா? இது அதம்மமா?” என்று கணவன் வினவினான்.

நாம் சற்றும் சிந்தியாமல், “பிள்ளை வேண்டும் என்பதும் ஒரு வேட்கையே. இயற்கை மறுத்ததைக் கருவி கொண்டு பறித்தல் வேண்டா. முன்வினை என்று அமைதி கொள்க” என்று உரைத்துவிட்டோம். இருவரும் தலைகுனிந்து சென்றனர். நன்கு உரைத்தோம் என்றே அன்று நாம் கருதினோம்.

ஈராண்டு கழித்து அப்பெண்மணி தனியே வந்தார். அவர்தம் மாமியார் நம் சொல்லையே எடுத்துக்காட்டி, “போதகரே சொல்லிவிட்டார், இவள் முன்வினை உடையவள்” எனக் கூறி, மகனுக்கு மறுமணம் பேசத் தொடங்கியிருந்தார். கணவன் இசையவுமில்லை, மறுக்கவுமில்லை. அப்பெண் நம்மை நிந்திக்கவில்லை, அழவுமில்லை. “ஐயா, அன்று நீங்கள் சொன்னது பகவன் சொன்னதா, நீங்கள் சொன்னதா?” என்று மட்டும் வினவினார். அன்றிரவு நாம் உறங்கவில்லை. மறுநாள் முதல் நூல்களைப் புரட்டலானோம்.

முதற்கண் ‘முன்வினை’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். மனிதர் நுகரும் இன்ப துன்பம் யாவும் முன்வினைப் பயனே எனச் சிலர் கூறுவதுபற்றி, சீவகர் என்னும் துறவி பகவனை வினவிய செய்தி சம்யுத்த நிகாயத்தில் உளது. பித்தம், சிலேத்துமம், வாதம், அவை மூன்றின் கலப்பு, பருவ மாற்றம், உடலைப் பேணுதலிற் பிழை, பிறரால் நேரும் தாக்குதல், வினைப்பயன் எனக் காரணங்கள் எட்டினைப் பகவன் வகுத்துரைக்கின்றார். வினைப்பயன் அவ்வெட்டனுள் ஒன்றே. யாவற்றையும் முன்வினை மேல் ஏற்றுவோர் தாமே அறிந்ததையும் உலகம் அறிந்ததையும் கடந்து பேசுகின்றனர் என்பதே அங்குக் கண்ட முடிபு. எனின், ஒரு பெண்ணின் தசை இறுகும் நோயை முன்வினை என்று முத்திரையிட நமக்கு உரிமை எங்கிருந்து வந்தது? அச்சொல் பகவனுடையதன்று; நம்முடையது.

இனி, கூட்டமின்றிக் கருவுறுதலை நூல்கள் அறியுமோ எனின், அறியும். ஒரு பிக்குணி, முன்னாளில் தம் கணவராயிருந்த பிக்குவின் ஆடையிற் படிந்த விந்தினாற் கருவுற்ற செய்தி விநய பிடகத்தில் உளது. ஏனைய பிக்குணியர் அவரை ஒழுக்கம் பிறழ்ந்தவர் என ஐயுற்றனர். நிகழ்ந்ததை அவர் உரைத்தார். அந்நிகழ்ச்சியால் எழுந்த விதி யாது? உறவல்லாத பிக்குணியைக் கொண்டு பிக்கு தன் பழைய ஆடையைத் துவைப்பித்தலாகாது என்பதே. பழி பிக்குவின் நடத்தை மேல் நின்றது. கருவின் மேல் ஏற்றப்படவில்லை. மிலிந்த மன்னனும் நாகசேனரும் உரையாடும் நூலிலும், தாய் தந்தையர் கூடாமலே சாமன் கருவுற்ற வரலாறு ஆராயப்படுகின்றது. கண்ணிழந்த பெற்றோரைப் பேணிய அச்சாமனையே ஜாதகக் கதை போற்றுகின்றது. கருவுற்ற வகையால் அவன் பெருமை குன்றிற்று என எவரும் உரைத்திலர்.

மேனாட்டிலும் இது புதிதன்று. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லண்டன் நகரத்து ஜான் ஹண்டர் என்னும் அறுவை மருத்துவர், சிறுநீர்த்துளை இடம் மாறி அமைந்த துணி வணிகர் ஒருவர்க்கு, வெதுவெதுப்பான சிரிஞ்சினால் விந்தினைச் செலுத்தும் இம்முறையையே அறிவுறுத்தினார். அவ்வணிகர் மனைவி கருவுற்றார். 1799இல் இச்செய்தி அச்சேறிற்று. இதற்கு மாறாக, 1884இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பான்கோஸ்ட் என்னும் மருத்துவர், மயக்க மருந்தில் ஆழ்த்தப்பட்ட ஒரு பெண்ணுக்கு, அவர் அறியாமலே, வேறொருவரது விந்தினைச் செலுத்தினார். அவர் கருவுற்றார், உண்மை அவருக்கு உரைக்கப்படவேயில்லை. கருவி இரண்டிடத்தும் ஒன்றே. முன்னதில் இருவரும் அறிந்து இசைந்தனர்; பின்னதில் ஒருத்தியின் உடல் அவளறியாமற் கவரப்பட்டது. ஆகலின் நன்மை தீமை கருவியிற் கிடப்பனவல்ல. கருதும் மனத்திற் கிடப்பன. சேதனையே கம்மம் என நாள்தோறும் உரைக்கும் நாம் இவ்விடத்து அதனை மறந்தோம்.

பழிச்சொல் செய்யும் கொடுமைக்கு இக்கொல்கத்தா நகரமே சான்று. உடலுக்கு வெளியே கருவுற்ற உலகின் முதற்குழந்தை 1978 ஜூலை 25இல் இங்கிலாந்திற் பிறந்தது. எழுபது நாள் கழித்து, அக்டோபர் 3இல், டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய என்பாரின் முயற்சியால், துர்கா என்று அழைக்கப்பட்ட பெண்மகவு கல்கத்தாவிற் பிறந்தது. அரசு அமைத்த குழு அவர் கூற்றை ஏற்கவில்லை, உடன்பணியாளரும் எள்ளினர். ஜப்பான் நாட்டு அறிஞர் அவைக்குச் செல்லும் இசைவும் மறுக்கப்பட்டது. 1981இல் அவர் கண் மருத்துவ நிலையத்திற்கு மாற்றப்பட்டார். அவ்வாண்டு ஜூன் 19இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். 1986இல் பம்பாயிற் பிறந்த ஹர்ஷா என்னும் குழந்தையே இந்நாட்டின் முதற் சோதனைக் குழாய்க் குழந்தை எனப்பட்டது. அப்பணியிற் பங்குகொண்ட டாக்டர் ஆனந்தகுமாரே, முகோபாத்யாயரின் குறிப்பேடுகளை ஆராய்ந்து, முதன்மை அவருக்கே உரியது என 1997இல் அறிவித்தார். தமக்குரிய புகழைத் தாமே பிறர்க்கு ஈந்த அச்செயல் தானங்களுள் ஒன்றன்றோ? ஆயினும் இழந்த உயிர் மீளவில்லை. ஆராயாது உரைக்கும் சொல் கொல்லும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

எனின், பிள்ளை வேட்கை தண்ணாவே அன்றோ என்பார்க்கு விடை கூறவேண்டும். ஆம், அது தண்ணாவும் ஆகலாம். தன் பெயர் நிலைக்க, சொத்துக்கு வாரிசு கிடைக்க, அயலார் வாயை அடைக்க ஒரு பிள்ளை வேண்டும் என்பது பற்று. ஓர் உயிரைப் பேணி வளர்க்க இருக்கின்றோம் என்பது மேத்தையின் வித்து. இவ்விரண்டும் பெரும்பாலும் ஒரே நெஞ்சிற் கலந்தே உறையும். கூடிக் கருவுறுவோர்க்கும் இக்கலப்பு உண்டு. அவரை எவரும் வினவுவதில்லை; நோயுற்றாரை மட்டும் வினவுகின்றோம். இது நடுவுநிலை ஆகுமா? பற்று மிகுந்ததா என அறிய ஓர் உரைகல் உண்டு. இத்தனை திங்கள் முயல்வோம், கைகூடாவிடில் ஒருவரையொருவர் பழியாமல் நிறுத்துவோம் என இருவரும் முன்னரே இசைதல் இயலுமாயின், அம்முயற்சி நடுவழியில் நிற்கின்றது என்க.

முயல்வோர்க்குச் சில கூறுதும். அடுத்த தீட்டுக்கு ஏறத்தாழப் பதினான்கு நாள் முன்னர்க் கரு முட்டை வெளிப்படும். அதன் வாழ்வு ஒருநாளே. விந்தணு பெண்ணுடலில் ஐந்து நாள் வரை வாழவல்லது. கிண்ணத்தில் நெடுநேரம் நில்லாது. ஆகலின் முட்டை வெளிப்படுமுன் உள்ள இரண்டு மூன்று நாட்களே ஏற்றவை. சிரிஞ்சு புதியதாகவும் தூயதாகவும் இருத்தல் வேண்டும். கருப்பையினுள்ளே செலுத்த இல்லத்தில் முயலலாகாது; அது மருத்துவர் பணி. ஓராண்டு முயன்றும், பெண்ணுக்கு 35 வயது கடந்திருப்பின் ஆறு திங்கள் முயன்றும் பயனில்லையேல், இருவரும் சோதனை செய்துகொள்க. குறை பெண்பாலதே என்று துணியற்க. பிறர் விந்தினை நாடுவோர்க்கு 2021ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் பதிவு பெற்ற வங்கி வழியையே வகுத்துள்ளது. கொடையாளர் 21 முதல் 55 வயதுக்கு உட்பட்டவராகவும், எச்.ஐ.வி., ஈரல் அழற்சி, மேகநோய் முதலியவற்றுக்குச் சோதிக்கப்பட்டவராகவும் இருத்தல் வேண்டும். இதுவும் தாய்க்கும் சேய்க்கும் தீங்கு நேராமைப் பொருட்டே.

இவ்வளவும் தெளிந்தபின் நாம் அவர்கள் இல்லம் சென்றோம். “அன்று சொன்னது நாம் சொன்னது, பகவன் சொன்னதன்று. பிழை நம்முடையது” என மூவர் முன்னும் உரைத்தோம். கணவன் நிலத்தையே நோக்கியிருந்தான். அன்னையார் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே, ஐயா” என்றார். அவர் உரைத்தது மெய். மறுமணப் பேச்சு அன்றோடு நின்றது, ஈராண்டு மீளவில்லை.

பின்னர் அவர்களுக்குக் குழந்தை பிறந்ததா என வினவும் அன்பர்கள் உண்டு. பிறந்திருப்பின் அம்முறை அறம், பிறவாதிருப்பின் மறம் என்று ஆகிவிடாதாகலின், அதனை ஈண்டு எழுதோம். தம்மம் உரைப்போர்க்கு மட்டும் ஒன்று கூறி அமைகின்றோம்: நம்பால் வருவோர் நம் சொல்லைப் பகவன் சொல்லாகவே எடுத்துச் செல்கின்றனர். ஆகலின் அறியாத இடத்து, ஆராய்ந்து பின் உரைப்போம் எனச் சொல்லப் பழகுவோமாக.